கஜபதிக்குச் சொல்ல வராத கதை

கே.ஜி.கண்டிகை கஜபதிக்கு உடம்பில் ஒரு குறையும் கிடையாது. நெடுநெடுவென்று வளர்த்தி, வேர்க்கடலை மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கி வண்டியில் போடுகிற தோள், ஏரியின் அந்தக் கரைவரை கேட்கிற தொண்டை. நிலம் இருந்தது, இரண்டு கிணறு இருந்தது, ஊரே கண் வைக்கிற உழவு மாடுகள் இருந்தன. அவனுக்கு வராத காரியம் ஒன்றே ஒன்றுதான். ஒரு வேடிக்கைக் கதையைச் சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைக்க அவனால் ஆகாது.

ஆகாது என்றால் கொஞ்சநஞ்சமல்ல. கதையின் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவான். அது தப்பித்தால் நடுவில் நிறுத்தி, "அந்த ஆளு செவப்புத் துண்டு போட்டுகினு வந்தான்... இல்ல இல்ல, பச்சத் துண்டு" என்று யோசிக்க ஆரம்பிப்பான். துண்டுக்கும் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. கேட்கிறவர்கள் கொட்டாவி விட்டு முடிக்கும் நேரத்தில் கதை முடிந்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை என்று கண்டால், எங்கே சிரித்திருக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்குவான். அதுதான் எல்லாவற்றிலும் கொடுமை.

உள்ளூரிலேயே பெண் எடுத்திருந்தால் இது ஒரு குறையாகவே தெரிந்திருக்காது. அவனுடைய வீட்டில் யாரும் அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. சோறு வேண்டும், மழை வரும், மாட்டைக் கட்டு என்பதற்குமேல் வார்த்தை செலவழிக்காத குடும்பம். ஆனால் அவன் பெண் எடுத்தது திருத்தணியில், பங்காருவின் வீட்டில்.

பங்காருவுக்கு மலையடிவாரத்தில், சரவணப் பொய்கைக்குப் போகிற வழியில், பூசைச் சாமான் கடை. பூர்வீகம் பள்ளிப்பட்டுப் பக்கம். வீட்டுப் பேச்சில் பாதி தெலுங்கு, பாதி தமிழ். தேங்காய் வாங்க வருகிறவர்கள் தேங்காயை வாங்கிய பிறகும் போகமாட்டார்கள். கற்பூரத்தைப் பொட்டலம் கட்டுகிற நேரத்துக்குள் அவர் ஒரு கதையை எடுத்து, விரித்து, மடித்து, கடைசி முடிச்சையும் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார். திருத்தணி ஆந்திராவுக்கா மெட்ராசுக்கா என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. இரண்டு கட்சிக்காரர்களும் அவர் கடையில் வந்து மல்லுக்கு நிற்பார்கள். "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லப்பா. கட்டில குறுக்கே திருப்பிப் போட்டுட்டேன். தல ஆந்திராவுல, காலு மெட்ராசுல. கொசு எந்தப் பக்கம் கடிக்கிதோ அந்த சர்க்காருக்கு மனு போடுவேன்" என்பார். சண்டைக்கு வந்தவர்கள் சிரித்துக்கொண்டு வெற்றிலை வாங்கிப் போவார்கள்.

அந்த வீட்டுக்குத்தான் கஜபதி பெண் பார்க்கப் போனான். ஐம்பதாம் வருஷமோ அடுத்த வருஷமோ. கூடம் நிறைய ஆட்கள். பங்காரு அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு கேட்டார்:

"மாப்ளே, உங்களுக்கு எத்தினி கவலை?"

கிணற்றிலிருந்து மாடு கட்டி நீர் இறைக்கும் தோல் சாலுக்கு அந்தப் பக்கத்தில் கவலை என்று பேர். கஜபதிக்குக் கவலை என்றால் அது ஒன்றுதான்.

"ரெண்டுங்க. மேட்டுக் கெணத்துல ஒண்ணு, ஏரிக்கரைக் கெணத்துல ஒண்ணு. ஏரிக்கரைக் கவலைக்குக் கயிறு மாத்தணும்."

கூடம் அதிர்ந்தது. பங்காரு தொடையைத் தட்டிக்கொண்டு பெண்டாட்டியைக் கூப்பிட்டு, "ரத்தினம்மா, ரெண்டே கவலையோட இருக்கிற மனுஷன நான் பொறந்ததுலருந்து பாத்ததில்ல. கண்ண மூடிகினு பொண்ணக் குடுக்கலாம்!" என்றார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கஜபதிக்குப் புரியவில்லை. ஆனால் உள்ளறையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. கட்டுப்படுத்திப் பார்த்து முடியாமல் உடைத்துக்கொண்டு வந்த சிரிப்பு. சுலோச்சனாவின் முகத்தை அவன் பார்த்தது அதற்கப்புறம்தான். பார்க்கும் முன்பே மனசு சரி என்று சொல்லிவிட்டது.

கலியாணம் ஆயிற்று. சுலோச்சனா கண்டிகைக்கு வந்தாள். வேலைக்கு அஞ்சாதவள், மாமியாரிடம் நல்ல பேர் வாங்கினாள், ஒரு பையனும் பிறந்தான். ஆனால் அந்தச் சிரிப்பு மட்டும் அவளோடு வரவில்லை. அவள் சந்தோஷமாக இல்லை என்றும் சொல்ல முடியாது. புன்னகை இருந்தது, பாட்டு முணுமுணுப்பு இருந்தது. அவளைத் திருத்தணியில் கொண்டுபோய் விடும்போதுதான் தெரியும். வண்டியை நிறுத்தி மாட்டை அவிழ்த்துக் கட்டுவதற்குள், முன்னால் போனவளின் சிரிப்பு வீட்டுக்குள்ளிருந்து தெருவரை வந்துவிடும். கஜபதி மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவான். உள்ளே போனால் மைத்துனன் சிங்காரம் ஏதாவது சொல்லியிருப்பான், அல்லது மாமனார். 'ஒரு தடவையாவது நான் சொல்லி இவ இப்படிச் சிரிக்கணும்' என்று நினைத்துக்கொள்வான். வேறு யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத ஆசை அது.

பங்காருவின் சரக்கிலேயே பேர்போனது ஒரு கதை. அதை எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதற்கு ஆள் இருந்தது. செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு பேராசைக்காரன், பையனுக்குப் பெண் தேடிக்கொண்டு தெலுங்குச் சீமைக்குப் போகிறான். பெண்ணின் தகப்பன், "அல்லுடிகி ஒக கோடி இஸ்தானு" என்கிறான். மருமகனுக்கு ஒரு கோடி தருகிறேன் என்று இவன் காதில் விழுகிறது. தெலுங்கில் கோடி என்றால் கோழி என்று இவனுக்குத் தெரியாது. அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கலியாணம் நிச்சயம். வீட்டை அடமானம் வைத்து ஒரு இரும்புப் பெட்டி வாங்குகிறான். அதற்கு இரண்டு பூட்டு. காவலுக்குத் தடி பிடித்த ஆட்கள். கலியாணம் முடிந்த மறுநாள் சம்பந்தி சிரித்த முகமாக வந்து, காலைக் கட்டிய ஒரு கோழியை மாப்பிள்ளை மடியில் வைக்கிறார். பேராசைக்காரன் வாயடைத்துப்போய், கோபத்தில் அந்தக் கோழியையே இரும்புப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு ஊர் திரும்புகிறான். பாதி வழியில் பெட்டிக்குள் கொக்கரிக்கிற சத்தம். திறந்து பார்த்தால் முட்டை. பெண்டாட்டி சொல்கிறாள்: "அழாதீங்க, வட்டி வர ஆரம்பிச்சிடுச்சி."

இதைப் பங்காரு சொல்லும்போது அந்தக் கோழியே அவர் மடியில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

கஜபதி இந்தக் கதையைக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தான். கவலை ஓட்டும்போது மாடுகளோடு சரிவில் இறங்கி, பின்னால் ஏறி, இறங்கி, ஏறி, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். மாடுகளுக்கு முன்னால் அது தடங்கலில்லாமல் வந்தது. கோடி வர வேண்டிய இடத்தில் கோடி வந்தது. வட்டி வர வேண்டிய இடத்தில் வட்டி வந்தது. ஒருநாள் சொல்லிவிட்டு அவனுக்கே சிரிப்பு வந்து, மாடு மிரண்டு, சால் பாதிக் கிணற்றில் நின்றுவிட்டது.

பையனுக்குத் திருத்தணி மலையில் முடியிறக்கிக் காது குத்தினார்கள். கீழே பங்காருவின் வீட்டில் சாப்பாடு. சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றிக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே கஜபதி தொண்டையைக் கனைத்தான்.

"நான் ஒரு கத சொல்றேன்."

பேச்சு நின்றுவிட்டது. சுலோச்சனா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய பார்வை பட்டதும் கஜபதிக்கு உள்ளங்கை வியர்த்தது.

"செங்கல்பட்டுல ஒருத்தன். பேராச புடிச்சவன். பையனுக்குப் பொண்ணு பாக்கத் தெலுங்கு நாட்டுக்குப் போனான். பொண்ணோட அப்பன் சொன்னாரு, மாப்ளைக்கு ஒரு கோழி தரேன்னு."

"அப்புறம் இன்னா ஆச்சி பாவா?" என்றான் சிங்காரம்.

கஜபதி யோசித்தான். எங்கேயோ வண்டி குடை சாய்ந்துவிட்டது என்று தெரிந்தது. எங்கே என்று தெரியவில்லை.

"அப்புறம்... கலியாணம் முடிஞ்சிது. சொன்ன மாதிரியே கோழியக் குடுத்துட்டாரு."

"நல்ல மனுஷன்," என்றான் சிங்காரம்.

அப்போது எழுந்த சிரிப்பில் வெற்றிலைத் தட்டு கவிழ்ந்தது. இன்றைக்கும் அந்தக் காதுகுத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைத்தான் சொல்வார்கள். அது கதைக்கு வந்த சிரிப்பு அல்ல, தனக்கு வந்த சிரிப்பு என்பது கஜபதிக்குப் புரிந்தது. அவன் சுலோச்சனாவைத்தான் பார்த்தான். அவள் மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையின் மொட்டைத் தலையில் சந்தனத்தைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டு தலை குனிந்திருந்தாள்.

வண்டியில் ஊர் திரும்பும்போது அவள் மெதுவாகச் சொன்னாள். "உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்? எங்க வூட்டு ஆளுங்களுக்கு வேற வேல இல்ல."

"ஆங்," என்றான் கஜபதி. மாட்டை ஓட்டினான். அதற்கப்புறம் அவன் யாருக்கும் கதை சொல்லவில்லை.

மூன்று வருஷம் போயிருக்கும். ஆடிக் கிருத்திகை வந்தது. அந்த நாளில் திருத்தணியில் தெரு எது, மனிதர் எது என்று தெரியாது. மஞ்சள் துணி கட்டி, பூக்காவடியும் மயில் காவடியும் தூக்கிக்கொண்டு ஜனங்கள் அரோகரா போட்டபடி பொய்கையில் முழுகி மலை ஏறுவார்கள். பங்காருவின் கடையில் வருஷத்து வியாபாரத்தில் பாதி அந்த இரண்டு மூன்று நாளில்தான். கஜபதி வருஷா வருஷம் உதவிக்கு வந்துவிடுவான். வண்டியிலிருந்து தேங்காய் இறக்குவது, குவிப்பது, எடுத்துக் கொடுப்பது அவன் வேலை. பேசுகிற வேலை பங்காருவுக்கும் சிங்காரத்துக்கும்.

அன்று காலை அரக்கோணத்து ரயில்வே ஆட்கள் ஒரு கூட்டமாக வந்து நின்றார்கள். ரயில்காரர்கள் என்று தெரிந்ததும் பங்காரு ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் கதையை ஆரம்பித்தார். புதுசாக வந்த ஸ்டேஷன் மாஸ்டர். அவருக்குப் பச்சைக் கொடிக்கும் சிவப்புக் கொடிக்கும் வித்தியாசம் தெரியாது. வண்டி வந்துவிட்டது.

"மனுஷன் பாத்தாரு. எது வந்தாலும் வரட்டும்னு கொடியத் தூக்கினாரு பாரு, இப்படி..."

பங்காரு கையைத் தூக்கினார். கை பாதியில் நின்றது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. ஒரு கண் சொருகியது. "கொ... கொ..." என்று ஏதோ வந்தது.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. காவடியைத் தோளில் வைத்திருந்தவன் காவடி குலுங்கச் சிரித்தான். கற்பூரத்தை எடைபோட்டுக்கொண்டிருந்த சிங்காரம் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அப்படி ஒரு முகத்தை அப்பா இதுவரை செய்து காட்டியதில்லை.

கஜபதி சிரிக்கவில்லை. எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பது அவனுக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை. அதனால் மாமனார் கதை சொல்லும்போதெல்லாம் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பான். அந்தக் கண் மின்னும்போது தானும் சிரித்து வைப்பான். அன்று அந்தக் கண் மின்னவில்லை. அதில் இருந்தது பயம்.

தேங்காய்க் குவியலைத் தாண்டிக் குதித்தான். காய்கள் உருண்டு தெருவுக்கு ஓடின. அதற்கும் ஜனங்கள் சிரித்தார்கள். மாமனார் தரையில் விழுவதற்குள் அவன் இரண்டு கையிலும் தாங்கிக்கொண்டான்.

"சிங்காரம்! வண்டி புடி! மாமாவுக்கு ஒடம்பு சரியில்ல!"

அந்தக் குரல் கேட்டுத்தான் சிரிப்பு நின்றது. சிங்காரத்தின் முகத்தில் மட்டும் அது போக வழி தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது.

பக்கவாதம் என்றார் அரக்கோணத்து டாக்டர். வலது கையும் காலும் போய்விட்டன; பேச்சும் போய்விட்டது. உயிருக்குப் பயமில்லை. கால் கொஞ்சம் கொஞ்சமாக வரும். பேச்சு வரலாம், வராமலும் போகலாம். ஆள் விடாமல் பேச்சுக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

பேச்சுக் கொடுப்பதற்குத்தான் ஆள் இல்லை. கடைக்கு முன்னால் மணிக்கணக்கில் நின்றவர்கள் வீட்டுக்கு வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்று, "எல்லாம் சரியாப் பூடும்ண்ணே" என்று செவிடரிடம் கத்துவது போலக் கத்திவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். சிங்காரம் அப்பாவின் கண்ணைப் பார்க்கவே அஞ்சினான். விடிந்ததும் கடைக்குப் போனால் கடை கட்டும்வரை வருவதில்லை. அப்பா வாய் கோணியபோது தான் சிரித்ததை அவனால் விழுங்க முடியவில்லை. ரத்தினம்மாள் ஊட்டுவாள், துடைப்பாள், முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். ஒரு காலத்தில் தெருவரை சத்தம் கேட்ட வீட்டில் பல்லி சத்தம் கேட்டது.

கஜபதிதான் வந்தான். காலையில் வயல் வேலையை முடித்துவிட்டு சைக்கிளில் கண்டிகையிலிருந்து மிதித்துக்கொண்டு வருவான். சுலோச்சனாவும் பையனோடு அம்மாவுக்குத் துணையாக அங்கேயே தங்கியிருந்தாள். கஜபதி கட்டில் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தனக்குத் தெரிந்ததைப் பேசுவான். வேர்க்கடலை பூ விட்டிருக்கிறது. ஏரியில் தண்ணீர் இவ்வளவுதான் இருக்கிறது. பள்ளிப்பட்டுச் சந்தையில் ஒரு ஜோடி மாடு பார்த்தேன், வலதுக்கு நடை சரியில்லை. பங்காரு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். கஜபதி சுவருக்கும் அவருக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பான்.

புரட்டாசியில் ஒருநாள் மத்தியானம். மழை பிடித்துக்கொண்டு கிளம்ப முடியவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் தீர்ந்துபோயிற்று. மாடு, ஏரி, கடலை எல்லாம் ஆகிவிட்டது. கஜபதிக்கு என்ன தோன்றியதோ, வாசலில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்தான்.

"மாமா, செங்கல்பட்டுல ஒருத்தன். பேராச புடிச்சவன்."

பங்காருவின் முதுகு அசைந்தது.

"அவன் பையனுக்குப் பொண்ணு பாக்கப் போனான். பொண்ணோட அப்பன் இன்னா சொன்னாருன்னா, மாப்ளைக்கு ஒரு கோழி..."

பங்காரு திரும்பினார். இடது கையால் கட்டில் சட்டத்தைப் பட்டென்று அடித்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, வாய் எதையோ தேடியது.

"கோ... கோ..."

அடுப்படியிலிருந்து ரத்தினம்மாள் ஓடி வந்தாள். "இன்னா வேணும்? காப்பியா? காப்பி வேணுமா?"

பங்காரு அவளை முறைத்தார். மறுபடியும் சட்டத்தை அடித்தார். "கோ... டி!"

"ஆங், கோழிதான் மாமா," என்றான் கஜபதி, ஆமோதிக்கிற மாதிரி.

"கோடி! கோ... டி!" என்று கத்தினார் பங்காரு. எச்சில் வழிந்தது; கண்ணில் அனல் பறந்தது. அது கோபம், சந்தேகமே இல்லை. நாற்பது வருஷமாகத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய கதையை ஒருத்தன் தன் கண்ணெதிரே முதல் வரியிலேயே கொன்றுவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

கஜபதி வாயைப் பிளந்தான். ரத்தினம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுலோச்சனா கையில் முறத்தோடு கதவருகே நின்றாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் பங்காரு பேசிய முதல் வார்த்தை அது.

மறுநாள் கஜபதி அதே கதையை மறுபடியும் ஆரம்பித்தான். ராத்திரியெல்லாம் கோடி, கோடி என்று மனதில் உருப்போட்டுக்கொண்டு வந்ததால் அதைச் சரியாகச் சொல்லிவிட்டான். ஆனால் அந்தச் சந்தோஷத்தில் இரும்புப் பெட்டியை மறந்துவிட்டான். "பெ... ட்டி!" என்றார் பங்காரு. அதற்கடுத்த நாள் பூட்டு, அப்புறம் சம்பந்தி. ஒரு வாரம் கழித்து, கோழி முட்டை போட்டது என்று கஜபதி முதலிலேயே சொல்லிவிட்டபோது, பங்காரு தலையணையை இடது கையால் எடுத்து அவன்மேல் எறிந்தார். "அதில்லடா! மொ... மொதல்ல சொல்லாத!" என்றார். ஒரு முழு வாக்கியம்! ரத்தினம்மாள் அன்றைக்கு மலைக்கு ஆள் அனுப்பி அர்ச்சனை செய்தாள்.

விஷயம் கடைத்தெருவில் பரவியது. கஜபதி கெட்டிக்காரன், வேண்டுமென்றே தப்புத் தப்பாகச் சொல்லி மாமனாருக்கு ரோஷம் கிளப்பிப் பேச வைத்துவிட்டான் என்று ஆளுக்கு ஆள் பாராட்டினார்கள். சிங்காரமும் அப்படித்தான் நம்பினான். ஒரு சாயங்காலம் கடையைச் சீக்கிரம் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தான். அப்பாவின் கட்டிலண்டை வந்து உட்கார்ந்தான். அவருடைய வராத கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். பிறகு கஜபதியைப் பார்த்துச் சொன்னான்:

"நானெல்லாம் வாய் கிழியப் பேசினேன் பாவா. ஒண்ணுத்துக்கும் ஒதவல. நீங்க வேணும்னே தப்பாச் சொல்லி நைனாவப் பேச வச்சிட்டீங்க. இந்த யோசன ஒங்களுக்கு எப்படி வந்துச்சி?"

கஜபதி சங்கடத்தோடு நெளிந்தான். பொய் சொல்லவும் அவனுக்கு வராது.

"யோசன ஒண்ணும் இல்ல சிங்காரம். நான் சரியாச் சொல்லணும்னுதான் பாத்தேன். எனக்கு அப்படித்தான் வருது."

எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

"நேத்துகூட பெட்டிக்கு ரெண்டு பூட்டுன்னு உருப்போட்டுகினு வந்தேன். இங்க வந்ததும் பூட்டுக்கு ரெண்டு பெட்டின்னு வந்துடுச்சி."

அடுப்படியிலிருந்து முறம் விழுந்த சத்தம் கேட்டது. அதோடு ஒரு சிரிப்பு. கையால் வாயைப் பொத்தி, பொத்தியும் நிற்காமல், மூச்சு வாங்கி, மறுபடி உடைத்துக்கொண்டு வந்த சிரிப்பு. சுலோச்சனா கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு அவன் பக்கத்தில் வந்து, அத்தனை பேர் முன்னாலும் அவன் தோளில் கையை வைத்து, "பூட்டுக்கு ரெண்டு பெட்டியா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தாள். கஜபதிக்கு எங்கே சிரிப்பு இருக்கிறது என்று இப்போதும் விளங்கவில்லை. ஆனாலும் காது வரைக்கும் சூடாயிற்று. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மாமனாரின் கால் போர்வையைச் சரிசெய்தான்.

தை பிறந்தபோது பங்காரு கோல் ஊன்றி நடந்தார். கடைக்கும் போய் உட்கார்ந்தார். பேச்சு வந்துவிட்டது. ஆனால் பழைய பேச்சு வரவில்லை. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி போகலாம் போல இடைவெளி. வேடிக்கைக் கதைக்கு அந்த இடைவெளிதான் எமன். பழைய வாடிக்கைக்காரர்கள் ஆசையாக வந்து நின்றார்கள். அவர் கோழிக் கதையைச் சொன்னார். கோடி என்ற சொல் சரியாகத்தான் வந்தது; ஆனால் அது வந்து சேருவதற்குள் கேட்டவன் தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். கடைசியில் வட்டி என்றது யாருக்கும் விளங்கவில்லை. ஒருவன் இரக்கப்பட்டுச் சிரித்தான், தப்பான இடத்தில். பங்காரு முகத்தைத் திருப்பிக்கொண்டு கற்பூரப் பெட்டியைத் திறந்து மூடினார்.

அதைக் கஜபதி பார்த்தான். தெருவுக்கு மறுபக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவனுக்கு ஏனோ தன் உள்ளங்கை வியர்த்தது.

தைக் கிருத்திகைக்கு முந்தின நாள் பங்காரு மலைக்குப் போக வேண்டும் என்றார். டோலி வைத்துக்கொள்ளலாம் என்றான் சிங்காரம். கூடாது, நடந்துதான் போவேன், மாப்பிள்ளை வந்தால் போதும் என்றுவிட்டார். காலை வெயில் ஏறுவதற்குள் இரண்டு பேரும் கிளம்பினார்கள். கஜபதி அவருடைய இடுப்பில் கை கொடுத்து, ஒரு படிக்கு ஒரு தரம் நின்று, மெதுவாக ஏற்றினான். பாதியில் ஒரு மண்டபம். அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். கீழே பொய்கை பச்சையாகத் தெரிந்தது. தூரத்தில் அரக்கோணம் பக்கத்தில் ரயில் புகை ஒரு கோடாக எழுந்து கலைந்தது.

பங்காரு வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மாப்ளே," என்றார்.

"சொல்லுங்க மாமா."

"கத சொல்லி... ஒருத்தனும் சிரிக்கலன்னா..." மூச்சு எடுத்துக்கொண்டார். "உள்ள... இன்னாவோ பண்ணுதுடா. எனக்குத் தெரியாமப் பூட்ச்சி. நாங்கல்லாம்... உன்ன எவ்வளவு... நீ எப்படிடா இத்தினி வருசம்... தாங்கின?"

கஜபதி அதை யோசித்துப் பார்த்தான். மாமனார் கேட்டது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. நியாயமான பதில் சொல்ல வேண்டும்.

"கஷ்டமாத்தான் இருக்கும் மாமா. சொல்லிட்டு, கொஞ்ச நேரம் பாத்துட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டப் பூடுவேன்."

பங்காரு அவன் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். கோணிய வாய் ஒரு பக்கம் நடுங்கியது, தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கஜபதி பதறிப்போய் அவர் முதுகில் கையை வைத்தான். கண்ணைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் கண் பழையபடி மின்னிக்கொண்டிருந்தது. சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அடங்கியதும் அவர் கஜபதியின் கையைப் பிடித்துக்கொண்டே எழுந்தார். மேலே போய் சாமி பார்த்தார்கள். அர்ச்சகர் விபூதியைக் கையில் வைத்து, நல்லா இருங்கோ என்றார்.

இறங்கும்போது கால் மடங்கிவிட்டது. கஜபதி குனிந்து மாமனாரை முதுகில் ஏற்றிக்கொண்டான். அவர் ஒன்றும் கனக்கவில்லை. கடலை மூட்டையில் பாதிகூட இல்லை. வழியெல்லாம் அவர் அவன் காதருகே ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். நின்று நின்று, மூச்சு வாங்கி, விட்ட இடத்திலிருந்து எடுத்து, மெதுவாக. அடிவாரத்தில் சிங்காரமும் சுலோச்சனாவும் காத்திருந்தார்கள். கட்டை வண்டியில் அவரை உட்கார வைத்தபோது அவர் முகம் களைத்திருந்தாலும் தெளிவாக இருந்தது.

சிங்காரம் கஜபதியைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான்.

"நைனா ஒங்க காதுல இன்னா சொல்லிகினு வந்தாரு?"

"கத சொன்னாரு. புதுசு போல."

"நல்லா இருந்துச்சா?"

"தெரியல சிங்காரம்," என்றான் கஜபதி, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. "நான் படியப் பாத்துகினு வந்தேன்."